ஐந்து வார்த்தை போதும்

கிறிஸ்தவத் திருமணங்களுக்குப் போகிறவர்களுக்கு 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் பழக்கமாகியிருக்கும். அன்பைப் பற்றிய அதிகாரம் என்பதால் மணமக்களுக்கு வாசிக்கிறோம். ஆனால், பவுல் அதை எழுதியபோது எந்தத் திருமணத்தையும் நினைக்கவில்லை. சபையில் யாருடைய வரம் பெரியது என்று போட்டி போட்டவர்களுக்குத்தான் எழுதினார். 12ஆம் அதிகாரம் ஆவிக்குரிய வரங்களைப் பற்றியது. 14, அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்துவது பற்றியது. நடுவில் இருப்பதுதான் இந்த 13.

கொரிந்து, இரண்டு துறைமுகங்களுக்கு இடையில் வளர்ந்த வியாபார நகரம். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் குடியேற்றிய ஊர். பல ஊர் மக்கள், புதுப் பணம், மேடைப் பேச்சுக்குத் தனி மவுசு. அந்தப் பழக்கம் சபைக்குள்ளும் வந்துவிட்டது. வரத்துக்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'காரிஸ்மா'. அதன் வேர் 'காரிஸ்', அதாவது கிருபை. உழைத்துச் சம்பாதித்தது அல்ல, இலவசமாகக் கிடைத்தது. எங்கள் ஒலிபரப்புத் துறையில் இன்று 'காரிஸ்மா' என்றால் ஆளைக் கவரும் திறமை! கொரிந்தியர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள் போலும்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்குப் பல வருடமாக இனிப்புநீர். ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் அவர் தலையில் கைவைத்து, "கர்த்தர் சுகம் கொடுத்துட்டார்மா, இனி மாத்திரை எதுக்கு?" என்றார். அக்கா மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களில் காலில் புண். கால் தப்பியது, இரண்டு விரல்கள் போயின. பிரசங்கியார் அப்புறம் ஒரு முறைகூட விசாரிக்கவில்லை. சபையில் சிலரோ, அக்காவின் விசுவாசம் போதவில்லை என்றார்கள். விரல் போனதைவிட இதுதான் எனக்குக் கொடுமையாகப் பட்டது.

குணமாக்கும் வரம் கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. பவுலே அதைப் பட்டியலில் வைத்திருக்கிறார். ஆனால், 'ஆவியானவர் சொன்னார்' என்றதும் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறோமே, அதற்கு வேதத்தில் இடமில்லை. 14ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தீர்க்கதரிசனம் சொல்கிறவர் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்நியபாஷைக்கு அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் அமைதியாக இருக்க வேண்டும். இயேசுவும் குஷ்டரோகியைச் சுகமாக்கியபின், ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னார். சுகமானதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியருடையது. இன்று அதற்குக் கிளினிக் இருக்கிறது, இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஜெபித்தவரே, "அக்கா, போய் டெஸ்ட் எடுங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று சொல்லியிருந்தால் அவருடைய வரம் குறைந்தா போயிருக்கும்?

சபையில் புரியாத பாஷையில் பத்தாயிரம் வார்த்தை பேசுவதைவிட, பிறர் கற்றுக்கொள்ளும்படி ஐந்து வார்த்தை பேசுவதையே விரும்புவதாகப் பவுல் சொல்கிறார். மைக்கைப் பிடித்துச் சம்பளம் வாங்கும் எனக்கு அந்தக் கணக்கு நன்றாகவே உறைக்கிறது. பேசியவருக்கு எவ்வளவு திருப்தி என்பதல்ல, கேட்டவருக்கு என்ன ஆனது என்பதுதான் கேள்வி.

பட்டியலில் இன்னொன்றும் உண்டு. குணமாக்குதலுக்கும் பலவித பாஷைகளுக்கும் நடுவே, உதவி செய்வதையும் நிர்வாகத்தையும் பவுல் சேர்த்திருக்கிறார். அதைக் கேட்டு யாரும் உபவாச ஜெபம் வைத்து நான் பார்த்ததில்லை. அக்காவைப் புண்ணுக்கு மருந்து கட்ட வாரம் மூன்று நாள் கிளினிக்குக்கு ஏற்றிப் போனவர், அதே சபையில் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "சொல்றதுக்கு என்னா இருக்கு, போற வழிதானே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.