உழவன் ஊமையல்லன்

உழவனைப் புகழாத இலக்கியம் உலகில் அரிது. உழவன் கூறியதைச் செவிமடுத்த இலக்கியம் அதனினும் அரிது. திருவள்ளுவர் உழவுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதனைக் கற்ற மாணவன் 'உழவர் பெருமை' என்னும் தலைப்பில் கட்டுரை வரையும்போது முதற்பத்தியில் உழவனைக் கைகூப்பித் தொழுகின்றான். இறுதிப்பத்தியில் அவனுடைய வறுமைக்காகக் கண்ணீர் உகுக்கின்றான். தொழுகையும் கண்ணீரும் முடிந்த இடத்தில் கட்டுரையும் முடிகின்றது. அவ்வுழவன் எதை எண்ணினான், எதைக் கேட்டான், எதைத் தர மறுத்தான் என்னும் வினாக்கள் எழுவதேயில்லை.

வரலாற்று வகுப்பின் நிலையும் இதுவே. பிரெஞ்சுப் புரட்சி பற்றிய பாடத்தைப் பாருங்கள். வோல்டேரும் ரூசோவும் எழுதினர். பாரிஸ் மக்கள் 1789 ஜூலை 14ஆம் நாள் பாஸ்டில் சிறையை வீழ்த்தினர். பதினாறாம் லூயி மன்னன் 1793 ஜனவரியில் தலையிழந்தான். அறிஞர் விதைத்தனர், நகரத்தார் அறுத்தனர் என்பதோடு பாடம் நிறைவு பெறுகின்றது. அந்நாளில் பிரான்சின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம். அவர்களுள் ஐவரில் நால்வர் நாட்டுப்புறத்தார். அந்நால்வரும் பாடத்தில் எங்கே? "அவர்கள் எழுத்தறியாப் பாமரர், பிறர் எழுப்ப எழுந்தவர்" என்று ஒரு வரியில் அவர்களைக் கடந்து செல்கின்றனர். எழுத்தறியாதவன் எண்ணமும் அறியாதவன் என்னும் இக்கொள்கை பிழையானது. மாணவர் நெஞ்சில் அதனை ஊன்றுதல் அதனினும் பெரும்பிழை.

ஒரு பெண்ணின் கணக்கு

ஆர்தர் யங் என்னும் ஆங்கிலேய வேளாண்மை ஆய்வாளர் அக்காலத்தில் பிரான்சு முழுவதும் பயணம் செய்து, தாம் கண்டவற்றை 1792இல் நூலாக வெளியிட்டார். 1789 ஜூலை 12ஆம் நாள், அஃதாவது பாஸ்டில் வீழ்வதற்கு இரண்டே நாள் முன்னர், வடகிழக்குப் பிரான்சில் ஒரு மேட்டுப்பாதையில் தம் குதிரையை ஓய்வாக நடத்திச் சென்றபோது ஓர் ஏழைப்பெண் அவருடன் நடந்து வந்தாள். அவளது கூனிய உடலையும் சுருங்கிய முகத்தையும் கண்டு அறுபது எழுபது வயது மதித்தார் யங். அவளோ தனக்கு 28 வயது என்றாள்.

அவலம் தேடுவோர் இவ்விடத்திலேயே நின்றுவிடுவர். ஆனால் அப்பெண் வயதை மட்டும் சொல்லவில்லை, கணக்கும் சொன்னாள். கணவனுக்குச் சிறுதுண்டு நிலம், ஒரு பசு, ஓர் எளிய குதிரை; குழந்தைகள் எழுவர். ஒரு நிலப்பிரபுவுக்கு ஆண்டுதோறும் 42 இராத்தல் கோதுமையும் 3 கோழிகளும் தரவேண்டும். மற்றொரு பிரபுவுக்கு 4 மரக்கால் அளவான ஓட்ஸ் தானியமும் ஒரு கோழியும் ஒரு காசும் தரவேண்டும். இவற்றுக்கு மேல் அரசனுக்குரிய வரி. பெரியவர்கள் ஏழைகளுக்கு ஏதோ செய்யப்போகின்றனர் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். யார், எவ்வாறு என்பது தெரியாது. ஆயினும் தங்களை நசுக்குவன வரிகளும் பிரபுக்களின் உரிமைகளுமே என்று தெளிவாக உரைத்தாள். ரூசோவை அவள் படித்திருக்க வேண்டிய தேவை என்ன? எவன் எத்தனை கோழி கொண்டுபோகிறான் என்பதை அவள் நூல் பார்த்தா அறியவேண்டும்?

புறாக்களும் புதிய சட்டமும்

அவ்வாண்டின் இளவேனிலில் மன்னனின் ஆணைப்படி நாடெங்கும் ஊரவைகள் கூடின. பல்லாயிரம் சிற்றூர்களில், வரி செலுத்தும் 25 வயது நிறைந்த ஆடவர் ஒன்றுகூடித் தத்தம் குறைகளை ஏட்டில் எழுதி அனுப்பினர். உப்பு வரி, திருச்சபைக்குச் செலுத்தும் பத்திலொரு பங்கு, கூலியின்றிச் சாலை போடும் கட்டாய உழைப்பு, பிரபுவின் ஆலையிலேயே மாவரைக்க வேண்டும் என்னும் விதி ஆகிய எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. பிரபுவின் மாடத்துப் புறாக்கள் விதைத்த விதையைப் பொறுக்கித் தின்பதும், அவற்றைக் கொல்ல உழவனுக்கு உரிமையில்லை என்பதும், வேட்டைக்கென வளர்த்த முயல்கள் பயிரை அழிப்பதும் அவற்றில் முறையீடுகளாயின.

"அவ்வேடுகளை எழுதியவர் ஊர்ப் பாதிரியாரும் ஆவண எழுத்தரும் அல்லரோ? நகரிலிருந்து வந்த மாதிரி ஏடுகளைப் பார்த்து எழுதியவையும் உண்டல்லவா?" என்று வினவுவோர் உளர். உண்மையே. அரசியல் சட்டம் பற்றிய வரிகள் நகரத்திலிருந்து வந்திருக்கலாம். ஆனால் இன்ன பிரபுவின் புறா இன்ன வயலைத் தின்றது என்னும் செய்தி எந்த மாதிரி ஏட்டிலிருந்து வரும்? எழுதியவன் கை எதுவாயினும் சொன்னவன் வாய் உழவனுடையது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவ்வவைகளில் பெண்களுக்கு இடம் மிக அரிது. மேட்டுப்பாதையில் கணக்குச் சொன்ன அப்பெண்ணின் குரல் வழிப்போக்கன் ஒருவனின் குறிப்பேட்டால் பிழைத்ததன்றி ஊரவை ஏட்டால் பிழைக்கவில்லை.

1788இன் விளைச்சல் பொய்த்தது. அடுத்து வந்த பனிக்காலம் கொடியது. 1789 ஜூலைத் திங்களின் பிற்பகுதியில், கொள்ளையர் வருகின்றனர் என்னும் வதந்தி ஊர்விட்டு ஊர் பாய்ந்தது. 'பேரச்சம்' என்று வரலாறு பெயரிட்ட காலம் அது. அதே கோடையில், நார்மண்டி, தோஃபினே, மாக்கோன் முதலிய வட்டாரங்களில் உழவர் திரண்டு பிரபுக்களின் மாளிகைகளுக்குச் சென்றனர். அறிவற்ற வெறிக்கூட்டம் என்று அவர்களை இகழ்ந்தோர் பலர். அவர்கள் தேடியது எதனை? தங்கள் கடமைகள் எழுதப்பட்டிருந்த பதிவேடுகளை. கிடைத்த இடத்தில் அவற்றைத் தீயிலிட்டனர். மறுத்த இடங்களில் மாளிகைகளும் எரிந்ததுண்டு. கொல்லப்பட்டோர் மிகச் சிலரே. தன்னை அடிமையாக்கியது தாளில் எழுதிய எழுத்து என்பதை எழுத்தறியாதவன் அறிந்திருந்தான்!

ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவு தேசிய மன்றத்தில் பெருமக்கள் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து தம் உரிமைகளைத் துறந்தனர். அதனைப் பெருந்தன்மையின் திருவிழா என்று புகழும் நூல்கள் உண்டு. மாளிகைகள் எரிந்த செய்தி அதற்கு முன்பே மன்றத்தை எட்டியிருந்தது என்பதை அந்நூல்கள் உரக்கச் சொல்வதில்லை. அவ்விரவின் தீர்மானங்கள் ஆகஸ்ட் 11இல் சட்ட வடிவம் பெற்றன. அதன் இரண்டாம் பிரிவு எதைப் பற்றியது தெரியுமா? புறா மாடங்களைப் பற்றியது! ஊரவையில் உழவன் சொன்ன சொல் ஐந்தே திங்களில் நாட்டின் சட்டமாயிற்று.

ஆயினும் அச்சட்டம் முழுமையானதன்று. நிலமானிய முறை அடியோடு ஒழிந்தது என்று முழங்கிய மன்றமே, நிலத்தோடு ஒட்டிய கடமைகளிலிருந்து விடுபட உழவன் விலை தரவேண்டும் என்றது. 1790இல் அவ்விலையும் அறிவிக்கப்பட்டது: காசாகத் தரும் கடமைக்கு அதன் 20 மடங்கு, தானியமாகத் தரும் கடமைக்கு 25 மடங்கு. கோழிக்கே வழியில்லாதவன் 25 ஆண்டுக் கோழிகளை ஒருங்கே எங்ஙனம் தருவான்? உழவர் தர மறுத்தனர். நாட்டின் பல பகுதிகளில் மறுப்பும் கிளர்ச்சியும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. 1792 ஆகஸ்டில், மூல ஆவணம் காட்டாத பிரபுவுக்கு எதுவும் இல்லை என்று சட்டம் இறங்கி வந்தது. 1793 ஜூலை 17ஆம் நாள் எல்லாக் கடமைகளும் இழப்பீடின்றி ஒழிந்தன. அவற்றுக்குரிய ஆவணங்களை எரிக்குமாறும் அச்சட்டம் ஆணையிட்டது. 1789இல் மாக்கோன் வட்டாரத்தில் உழவர் பலர் கிளர்ந்தமைக்காகத் தூக்கிலிடப்பட்டனர். அன்று குற்றமாயிருந்த ஆவண எரிப்பு நான்கே ஆண்டுகளில் அரசின் கட்டளையாயிற்று. இம்மாற்றத்தை நிகழ்த்தியவன் யார்? நாவலன் ஒருவனும் அல்லன். தர மறுத்த உழவனே.

தெய்வமாக்குவோர்க்கு ஒரு சொல்

இதனாற்சொல்வது உழவனைத் தெய்வமாக்குக என்பதன்று. அதே 1793 மார்ச்சில், மூன்று இலட்சம் பேரைப் படைக்குத் திரட்டும் ஆணை வந்தபோது, மேற்கே வாந்தே பகுதி உழவர் புரட்சி அரசுக்கு எதிராகவே எழுந்தனர். தங்கள் பாதிரியார்களை அரசு துரத்தியதும், திருச்சபை நிலங்களை நகரத்துச் செல்வர் ஏலத்தில் வாங்கியதும் அவர்கள் சினத்தை வளர்த்திருந்தன. இருபுறமும் கொடுமைகள் நிகழ்ந்தன, எண்ணற்றோர் மாண்டனர். உழவன் பிறப்பிலேயே புரட்சியாளன் என்பாரையும், பிறப்பிலேயே பிற்போக்காளன் என்பாரையும் வாந்தே ஒருங்கே பொய்யாக்குகின்றது. அவன் காலமும் இடமும் நோக்கித் தன் நன்மை தீமைகளை எடைபோட்ட மனிதன். சிலபோது சரியாகவும் சிலபோது தவறாகவும் எடைபோட்டவன். பிற மனிதர்க்கு உரிய இச்சிறப்பை அவனுக்கு மட்டும் மறுப்பது ஏன்?

ஓவியமும் புதினமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலைஞர் உழவனைத் தம் பொருளாக்கினர். பால்சாக்கின் 'உழவர்கள்' என்னும் புதினம் அவர் மறைவுக்குப் பின் 1855இல் நூலாயிற்று. பெரும்பண்ணையொன்றை உழவர் சிறுகச் சிறுக அரித்துத் தமதாக்கும் கதை அது. மன்னராட்சியை விரும்பிய பால்சாக் அவர்தம் கணக்கறிவைக் கண்டுகொண்டார்; ஆனால் அதற்குக் கயமை என்று பெயரிட்டார். செல்வன் நிலம் சேர்த்தால் திறமை, உழவன் சேர்த்தால் கயமை போலும்!

எமிலி சோலாவின் 'மண்' 1887இல் வெளிவந்தது. நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட கிழவன் அப்பிள்ளைகளாலேயே சீரழிந்து கொலையுண்ணும் கதை. நிலப்பசி என்னும் பேருண்மையைச் சோலா தொட்டார். ஆனால் அப்பசியுடையோரை விலங்குக்கு அருகில் நிறுத்திவிட்டார். இளம் எழுத்தாளர் ஐவர் அப்புதினத்தைக் கண்டித்து அறிக்கை விடுத்தனர். அவர்தம் முறையீடு நூலின் ஆபாசத்தைப் பற்றியது.

ஓவியர் மில்லேயோ நார்மண்டியில் உழவர் குடியில் பிறந்தவர். 1857இல் பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்ற அவருடைய 'கதிர் பொறுக்குவோர்' ஓவியத்தை இன்று உழைப்பின் உயர்வுக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். குனிந்த பெண்கள் மூவரை மட்டும் காண்போர்க்கு அது பக்திப் படமே. அவர்களுக்குப் பின்னே தொலைவில் நோக்குக: வானளாவிய கதிர்ப்போர், நிறைந்த வண்டி, குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளன். விளைச்சல் அங்கே, சிந்திய கதிர் இங்கே. அவ்வோவியம் வெளிவந்தபோது செல்வர் சார்பான திறனாய்வாளர் சிலர் அதில் புரட்சியின் நிழலைக் கண்டு அஞ்சினர். அஞ்சியவர் ஓவியத்தைச் சரியாகப் படித்தனர். இன்று மெய்யுருகுவோரே படிக்கத் தவறுகின்றனர்.

புரட்சி பேசியோரும் இப்பழிக்கு விலக்கல்லர். 1848 டிசம்பரில் உழவர் பெருந்திரளாக வாக்களித்து லூயி நெப்போலியனைக் குடியரசுத் தலைவனாக்கினர். 1852இல் அதுபற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், பிரெஞ்சு உழவரை ஒரு மூட்டையிலிட்ட உருளைக்கிழங்குகளுக்கு ஒப்பிட்டார். ஒன்றோடொன்று கிடந்தும் ஒன்றுசேராதவை என்பது அவர் கருத்து. அதே நூலில், மாற்றத்தை வேண்டும் உழவரும் உளர் என்று மார்க்ஸ் வேறுபடுத்திக் காட்டியதுண்டு. உவமையை மனப்பாடம் செய்தோர் அவ்வேறுபாட்டை மறந்தனர். 1851 டிசம்பரில் அதே லூயி நெப்போலியன் அரசைக் கவர்ந்தபோது, அவனை எதிர்த்துத் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் ஊர் ஊராக எழுந்தவர் யார்? உழவரும் சிற்றூர்க் கைவினைஞருமே. நாடு முழுவதும் ஏறத்தாழ 27,000 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. பல்லாயிரவர் அல்ஜீரியாவுக்கு நாடுகடத்தத் தீர்ப்புப் பெற்றனர். உருளைக்கிழங்குகளுக்கு எதற்கு நாடுகடத்தல்?

ஆசிரியர் கடமை

உழவன் பேசாமையால் வரலாறு அவனை எழுதாமற் போகவில்லை. எழுதியோர் கேளாமையாற் போயிற்று. கேட்க முனைந்தவர் ஒருவரும் ஆசிரியரே. ஜார்ஜ் லெஃபெவ்ர் பல்லாண்டு பள்ளிகளில் பாடம் நடத்தியவர். வகுப்பு ஓய்ந்த நேரங்களில் வரிப்பட்டியல்களையும் ஊர் ஆவணங்களையும் புரட்டினார். பிரெஞ்சுப் புரட்சிக்கால வடபகுதி உழவரைப் பற்றிய ஆய்வை 1924இல் தம் 50ஆம் வயதில் வெளியிட்டார். 1932இல் 'பேரச்சம்' பற்றி எழுதினார். புரட்சிக்குள்ளேயே உழவர்க்கெனத் தனியே ஒரு புரட்சி இருந்தது என்பதை அவர் உணர்த்திய பின்னர், பழைய பாடத்தைப் பழையபடியே நடத்துவதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

தமிழ்ப்பள்ளி மாணவருள் பலர் நிலத்தில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள். உழைத்தவன் ஊமை, அவனுக்காகப் பிறர்தாம் பேசவேண்டும் என்னும் பாடத்தை அவர்களுக்குக் கற்பிப்பது அவர்தம் பாட்டனையே ஊமையாக்குவதாகும். ஆகவே 'உழவர் பெருமை' என்னும் தலைப்பை ஓராண்டேனும் ஒதுக்கி வைக்கட்டும். அதற்கு மாறாக 42 இராத்தல் கோதுமை, 4 மரக்கால் ஓட்ஸ், 4 கோழிகள், ஒரு காசு, ஏழு குழந்தைகள் என்னும் எண்களைக் கரும்பலகையில் எழுதட்டும். இக்கணக்கைச் சொன்ன பெண் அடுத்து என்ன செய்திருப்பாள் என்று மாணவரைக் கேட்கட்டும். விடை சொல்லும் மாணவன் எவனும் அதன்பின் உழவனுக்காக அழமாட்டான். அவனோடு சேர்ந்து கணக்குப் பார்ப்பான்.