பெட்டிக்கு ஒரு பெட்டி

போன மாதம் எதிர்வீட்டு அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டியவர். "தம்பி, டிவி செத்துப்போச்சுப்பா. நாலு நாளா நீலமாவே நிக்குது."

டிவிக்கு ஒன்றுமில்லை. லீவுக்கு வந்த பேரன் ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அமுக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். ஏவி என்று இருந்ததை எச்டிஎம்ஐ 2 என்று மாற்றினேன், படம் வந்துவிட்டது. "இதுக்கா நாலு நாள் சும்மா உக்காந்திருந்தேன்?" என்றார் அக்கா.

2006இல் கலைஞர் ஆட்சியில் அறிவித்த 14 அங்குல இலவச கலர் டிவி நினைவிருக்கும். அதில் செட்டாப் பாக்ஸை இணைக்கப் படிப்பே வேண்டாம். மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. நிறம் பார்த்துச் சொருகினால் வேலை முடிந்தது. இப்போது படம், சத்தம் இரண்டுக்கும் ஒரே ஒயர். நல்லதுதான். ஆனால் சுவரோடு ஒட்டிய டிவியின் முதுகில் ஒரே மாதிரி இரண்டு மூன்று ஓட்டைகள். எதில் சொருகியிருக்கிறது என்று ரிமோட் வழியாக டிவிக்கு நாம் சொல்ல வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். மாட்ட வரும் பையன்கள் அந்த நம்பரைச் சொல்லாமலே போய்விடுகிறார்கள்.

அக்கா வீட்டில் இருப்பது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் வந்த சேவை, மாதச் சந்தா கிடையாது. நம் ஊர் மாடிகளில் தென்கிழக்கே அண்ணாந்து பார்க்கும் டிஷ்களில் பல அதுதான். (அந்த ஒயரைக் கழற்றி மாட்டும்போது பாக்ஸின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். டிஷ் முனையில் இருக்கும் எல்என்பிக்கு 13, 18 வோல்ட் அந்த ஒயரில்தான் போகிறது.)

நான் கேட்பது இதுதான்: இலவச சேனல் பார்க்க எதற்கு டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி, இன்னொரு ரிமோட்? சாட்டிலைட் டியூனரை டிவிக்குள்ளேயே வைக்கலாம். டிஷ் ஒயரை நேராக டிவியில் திருகினால் போதும். கனவு இல்லை இது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கென்று தரமே எழுதிவிட்டதாக 2023 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. டிவி செய்ய வெளிநாட்டுக்கும் போக வேண்டாம், ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை 2007லேயே வந்தாயிற்று. ஒரகடம் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் நான். கேட்பவன் இருந்தால்தான் லைனில் புது மாடல் ஓடும் என்று எனக்குத் தெரியும். நாம் கேட்டோமா?

நான் கேட்டுப் பார்த்தேன். கடைப் பையன், "டியூனரா? யூடியூப் வரும் சார்" என்றான்.

அதுவரைக்கும் நம் கைவேலைதான். பிளாஸ்திரியில் 'எச்டிஎம்ஐ 2' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அக்காவின் ரிமோட் முதுகில் ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த லீவில் பேரன் அதைப் பிய்க்காமல் இருக்க வேண்டும்.