கேஸ் கீசரும் மூடிய குளியலறையும்: கசிவு இல்லாமலும் உயிராபத்து

2025 அக்டோபரில் கர்நாடகத்தின் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில் சகோதரிகள் இருவர் வீட்டுக் குளியலறையில் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில், ஹோலி நாளன்று, உத்தரப் பிரதேசத்தின் முராத்நகரில் ஒரு தம்பதியர் இவ்வாறே இறந்தனர். இரு நிகழ்வுகளிலும் காரணமாகக் கூறப்பட்டது கேஸ் கீசர். இத்தகைய மரணங்களைச் செய்திகள் பெரும்பாலும் ‘எரிவாயுக் கசிவு’ என்றே குறிப்பிடுகின்றன. இதனால், குழாயும் ரெகுலேட்டரும் சரியாக இருந்தால் போதும் என்ற எண்ணம் உருவாகிறது. ஆனால் கசிவே இல்லாத கருவியும் காற்றோட்டமற்ற அறையில் உயிரைப் பறிக்கக்கூடும்.

நம் ஊர்களுக்கு இது ஏன் பொருந்தும்?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளவை. மழைக்காலத்திலும் மார்கழி விடியற்காலையிலும் வெந்நீர்த் தேவை கூடுகிறது. குடும்பத்தினர் ஒருவர்பின் ஒருவராக நீராடும்போது, குளிர்காற்று புகாதிருக்கச் சன்னலும் அடைக்கப்படுகிறது.

முன்பு வெந்நீர் அடுப்பு கொல்லைப்புறத்தில் இருந்தது. விறகுப் புகை கண்ணை எரித்ததால் அடுப்படிக்குப் புகைபோக்கி வைத்தனர். எரிவாயுச் சுடரின் கழிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் பல வீடுகளில் கருவி குளிக்கும் அறைக்குள்ளேயே பொருத்தப்பட்டுள்ளது.

சுடருக்கு எவ்வளவு காற்று தேவை?

நிமிடத்திற்குச் சுமார் 6 லிட்டர் வெந்நீர் தரும் கருவி, 10 நிமிடங்களில் ஏறத்தாழ 140 கிராம் எரிவாயுவை எரிக்கும். அதற்குச் சுமார் 1,700 லிட்டர் காற்று வேண்டும். 6 அடி நீளம், 4 அடி அகலம், 9 அடி உயரமுள்ள குளியலறையில் இருப்பதோ சுமார் 6,000 லிட்டர் காற்று. அறை முழுவதும் மூடியிருந்தால், ஒருவர் குளித்து முடிப்பதற்குள் ஆக்சிஜனில் கால் பங்குக்கு மேல் தீர்ந்துவிடும்.

ஆக்சிஜன் குறையும்போது எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. சிலிண்டர் கசிந்தால் வாடை காட்டிக்கொடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அடுத்துக் குளிக்க வருபவருக்கு ஆபத்து மேலும் கூடுகிறது.

உடலில் என்ன நிகழ்கிறது?

இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையுடன் கார்பன் மோனாக்சைடு பிணைகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு, குழப்பம் ஆகியவை தோன்றும். பின்னர் மயக்கம் வரும். பலர் கதவைத் திறக்கும் வலிமையைக்கூட இழந்துவிடுகின்றனர். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், இதய நோயாளிகள், இரத்தசோகை உள்ளோர் எளிதில் பாதிக்கப்படுவர். குளித்து வந்தபின் தலைவலி வருவதும், திறந்த வெளிக்குச் சென்றால் அது குறைவதும் முக்கியமான எச்சரிக்கைகள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

- கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். வாடகை வீடாயின் உரிமையாளரிடம் இதை வலியுறுத்துங்கள்.
- கருவி ஏற்கெனவே உள்ளே இருந்தால், இடம் மாற்றும்வரை கதவையும் சன்னலையும் திறந்துவைத்து வாளியில் நீர் பிடியுங்கள். கருவியை அணைத்து, அறையில் காற்று மாறிய பின்னரே குளியுங்கள்.
- கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்றுத் திறப்புகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். தாள், துணி கொண்டு அடைக்காதீர்கள்.
- காற்று வெளியேற்றும் விசிறியை மட்டும் நம்பாதீர்கள். காற்று உள்ளே வர வழியில்லையெனில், அது புகைக்குழாயின் கழிவை அறைக்குள் இழுக்கக்கூடும்.
- சுடர் மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ உடனே நிறுத்திப் பழுது பாருங்கள். நீலச் சுடர் மட்டுமே பாதுகாப்புக்குச் சான்றாகாது.
- நோயாளியோ முதியவரோ குளிக்கும்போது உள்தாழ் போட வேண்டாம். அவ்வப்போது குரல் கொடுத்து உறுதிசெய்யுங்கள்.

கரி நெருப்புக்கும் இதே விதி பொருந்தும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்து உறங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தனர். பிரசவித்த தாயும் சேயும் உள்ள அறையில் கரித்தணலை வைத்துக் கதவை மூடாதீர்கள்.

மயங்கிய ஒருவரைக் கண்டால்

முதலில் கதவு, சன்னல்களைத் திறந்து, எரிவாயுவை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். நீங்களும் உள்ளே தங்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையெனில், பயிற்சி பெற்றவர் உடனே இதய இயக்க மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்குச் செல்லும்போது, ‘கேஸ் கீசர் எரிந்த அறையில் மயங்கினார்’ என்று தெளிவாகக் கூறுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த நச்சை ஆக்சிஜனிலிருந்து பிரித்தறியாது; 98 எனக் காட்டினாலும் ஆபத்து நீங்கியதாகாது. இரத்தப் பரிசோதனையே பாதிப்பை அறிய உதவும். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நச்சு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரமாகும். முழுமையான ஆக்சிஜன் அளித்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும். எனவே விரைந்த சிகிச்சை இன்றியமையாதது.

வீடு திரும்பிய சில வாரங்களுக்குள் மறதி, நடை மாற்றம், நடத்தை மாற்றம் தோன்றினால் மீண்டும் மருத்துவரை அணுகுங்கள். சிலருக்கு நரம்பு மண்டலப் பாதிப்பு தாமதமாக வெளிப்படுகிறது.

எரிவாயு வாடை வீசினால் மின்விசைகளைத் தொடாமல், சிலிண்டரை மூடி, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.