தாய்மாமன் பெயரைக் காணோமா? லேயரைப் பாருங்க!

காதணி விழா அழைப்பிதழை நீங்களே மொபைலில் டிசைன் செய்கிறீர்கள். குழந்தை போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கியதும், கீழே இருந்த தாய்மாமன் பெயர் மாயம்! இப்படியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டியவர் ஆச்சே!

பதற்றத்தில் பலரும் பெயரை மறுபடி டைப் செய்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ப்பது மேலே வந்து உட்காரும் என்பதால் பிரச்னை தீர்ந்த மாதிரி தெரியும். பிறகு போட்டோவைச் சற்று நகர்த்தினால் பழைய பெயரும் எட்டிப்பார்க்கும். ஒரே கார்டில் இரண்டு தாய்மாமன்!

உண்மையில் பெயர் எங்கேயும் போகவில்லை. போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள்தான் லேயர்கள். போட்டோஷாப்பில் இந்த வசதி 1994-ல், 3.0 வெர்ஷனில் வந்தது. இன்று மொபைல் ஆப்களிலும் இருக்கிறது. லேயர் பட்டியலில் மேலே இருப்பது படத்தில் முன்னால் தெரியும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கேன்வாவில் ‘பொசிஷன்’ தொட்டு, ‘லேயர்ஸ்’ போங்கள். பெயர் இருக்கும் லேயரை விரலால் அழுத்திப் பிடித்து, போட்டோவுக்கு மேலே இழுத்து விடுங்கள். அவ்வளவுதான். போட்டோஷாப்பிலும் இதேபோல மவுஸால் இழுக்கலாம். எது எங்கே இருக்கிறது என்று குழம்பினால், லேயருக்குப் பக்கத்தில் உள்ள கண் படத்தை அழுத்தி ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள். ‘பேக்ரவுண்ட்’ லேயர் மட்டும் நகராமல் அடம்பிடிக்கும். அதில் உள்ள பூட்டை க்ளிக் செய்தால் வழிக்கு வரும்.

இதெல்லாம் டிசைன் ஃபைல் கையில் இருந்தால்தான். ஜேபெக் ஆக சேவ் செய்ததும் அத்தனை லேயரும் ஒரே படமாக ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு பெயரைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்தால், ஜேபெக்கோடு பிஎஸ்டி ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். எந்தத் தமிழ் ஃபான்ட் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் எழுத்தைத் திருத்தப் போனால், எழுத்து வேறு மாதிரி ஆகிவிடும். பெரியப்பாவின் இனிஷியல் தப்பு என்று ராத்திரி பத்து மணிக்குத்தானே போன் வரும்!