மலர்களை எடைக்குப் போடாதீர்கள்

அம்பத்தூரில் நெடுங்காலம் அச்சகம் நடத்தியவன் நான். தொழிற்சங்க மாநாட்டு மலர், குடமுழுக்கு மலர், பள்ளி வெள்ளி விழா மலர் எல்லாம் எங்கள் மிஷினில் ஓடியவை. 1960-களில் தொழிற்பேட்டை வந்தபின் எந்தெந்த ஊரிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள், எந்த ஆலையில் எதற்காக வேலைநிறுத்தம் நடந்தது, ஆவடியில் எந்தத் தெருவுக்கு முதலில் பள்ளிக்கூடம் வந்தது என்பதெல்லாம் வரலாற்று நூல்களில் தேடினால் லேசில் அகப்படாது. ஐந்நூறு பிரதி அடித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்த அந்த மலர்களில் இருக்கிறது. அவைதான் இன்று பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன.

வீட்டில் கிடப்பதும் தாங்காது. மலிவு என்று நாங்கள் வாங்கிப் போட்டது மரக்கூழ்த் தாள். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறி, மடித்த இடத்தில் அப்பளமாய் நொறுங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர், முகப்பேர் பக்கம் தரைத்தள வீடுகளில் நனைந்தவை ஒட்டிக் கட்டியாகிவிட்டன.

அவற்றைப் படமெடுத்து வைப்பதே வழி. அதற்கு ஸ்கேனருக்கு நிதியில்லை என்று காத்திருக்க வேண்டியதில்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் ஏ4 பக்கத்தைச் சட்டம் நிறைய எடுத்தால் அங்குலத்துக்கு 450 புள்ளி வரை கிடைக்கும். ஆவணத்துக்கு 300 போதும். கேமராவைக் குனிந்து பார்க்கும்படி ஸ்டாண்டில் பூட்டி, மேசைமேல் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நடுவில் விழுந்தால் கேமரா நேராக இருக்கிறது. விலகினால் எழுத்துகள் ஒரு பக்கம் சிறுத்துவிடும். ஜன்னலை மூடி, இருபுறமும் 45 டிகிரியில் ஒரே வகை எல்இடி விளக்கு. ஷட்டரை விரலால் அழுத்தாமல் டைமரில் விடவேண்டும். முதுகு விட்ட மலரை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் தையல் தெறிக்கும். கேமராவுக்கு அதைப் பாதி விரித்துச் சாய்த்து வைத்தாலே போதும். வலப்பக்கங்களை முதலில் முடித்து, பிறகு இடப்பக்கங்களை எடுக்கலாம். கோப்புக்கு மலரின் பெயர், ஆண்டு, பக்க எண் இட்டு, இரண்டு டிஸ்க்குகளில் ஏற்றி இரண்டு இடங்களில் வைக்கவேண்டும்.

இப்படிக் காப்பது புதிதல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994-இல் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது நம் முகப்பேரில்தான். பிறகுதான் தரமணிக்குப் போனது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை மறக்காத ஈழத்தமிழர்கள் 2005-இல் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, பள்ளி மலர்களையும் நினைவு மலர்களையும்கூட விடாமல் ஏற்றி வருகிறார்கள். போரின் நடுவில் அவர்களால் முடிந்தது, அமைதியாக இருக்கும் நம் ஊரில் ஏன் முடியவில்லை?

வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி நூலகங்களுக்குத் தலா ஒரு கேமரா, ஸ்டாண்டு, இரண்டு விளக்கு நூலகத் துறை வாங்கிக் கொடுக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டிலுள்ள மலர்களைக் கொண்டுவரச் சொல்லி, படமெடுத்ததும் கையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். அச்சுத்தாளைக் கையாளத் தெரிந்த என் போன்ற பழைய ஆட்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறோம். கூப்பிட்டால் கூலி கேட்காமல் வந்து பக்கம் புரட்டித் தருவோம்.