அந்தக் காலண்டரைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள்



மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் பேசுகிற சின்ன வாசகர் வட்டம் எங்களுடையது. எங்களில் ஒருவர் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நைட் டூட்டியில், விடியற்காலை மூன்று மணிக்கு, நோயாளிகளின் சார்ட்டை எழுதி முடித்த கையோடு போனில் நாலு வரி எழுதி இணையத்தில் போடுவார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வீங்கிய கால், சம்பளம் தள்ளிப்போன மாதம் எல்லாம் அதில் வரும். புனைபெயராகப் போட்டுக்கொண்டது ஒரு பூவின் பெயர். நான்கு வருடம் எழுதினார். ஆஸ்பத்திரி பெயரையோ நோயாளி பெயரையோ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒருநாள் ஆறிப்போன டீ கிளாஸைப் படமெடுத்துப் போட்டார். பின்னால் சுவரில் ஒரு காலண்டர். யாரோ அதைப் பெரிதாக்கி, அடியில் அச்சாகியிருந்த ஆஸ்பத்திரிப் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, வாட்ஸ்அப் குழுக்களில் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் நிர்வாகம் கூப்பிட்டது. அன்றிரவே எழுதியதையெல்லாம் அழித்துவிட்டார்.

பரப்பியவர் சொன்ன நியாயம்: "தைரியம் இருந்தா சொந்தப் பேர்ல எழுதட்டும்." அவருடைய கணக்கில் இருந்தது ஒரு நடிகரின் படம். அதை விடுங்கள்.

இந்தப் பேச்சு நம்மிடம் எடுபடுவதற்குக் காரணம், மொட்டைக் கடிதாசியின் மேல் நமக்கிருக்கும் பழைய அருவருப்பு. அது நியாயமான அருவருப்புதான். ஆனால் மொட்டைக் கடிதாசிக்குப் பெயரே கிடையாது. நாளைக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஒரே புனைபெயரில் வருடக்கணக்காக எழுதுகிறவர் நேற்று எழுதியதற்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும். பொய் எழுதினால் கெடுவது அவர் சம்பாதித்த அந்தப் பெயர். அடுத்தவர் பெயரையும் படத்தையும் திருடிப் போலிக்கணக்கு நடத்துவது மூன்றாவது ரகம். அப்படி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இந்த மூன்றையும் 'ஃபேக் ஐடி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

செம்புலப்பெயனீராரின் இயற்பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டில் வந்த உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. அதனால் பாட்டு குறைந்துவிடவில்லை. ரங்கராஜன் மனைவியின் பெயரில் எழுதிய சுஜாதாவை யாரும் கோழை என்றதில்லை. துவரங்குறிச்சியில் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டோடு வைக்கப்பட்ட ஒரு பெண், குடும்பத்துக்குத் தெரியாமல் எழுதிய கவிதைகளுக்குச் சல்மா என்று பெயர் போட்டார். முதல் தொகுப்பு 2000-இல் வந்தது. அடுத்த வருடம் உள்ளாட்சித் தேர்தலில் நின்று பேரூராட்சித் தலைவரானார். 2025-இல் மாநிலங்களவைக்குப் போனார். தொண்ணூறுகளில் ஒரு நியாயவான் கதவைத் தட்டி, "சல்மாங்கிறது உங்க வீட்டுப் பொண்ணுதான்" என்று சொல்லியிருந்தால்?

நம்மூரில் பெயர் சொன்னாலே மதம் தெரிந்துவிடும். சாதி பிடிபடாவிட்டால் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். எழுதியது பெண் என்று தெரிந்தால், வரும் பதிலில் பாதி எழுத்தைப் பற்றியே இருக்காது. அரசு ஊழியருக்கு நடத்தை விதி, தனியார் ஊழியருக்கு முதலாளி. சொந்தப் பெயரில் எழுதும் தைரியம் எல்லாருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை.

சொந்தப் பெயரைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கிப் பார்த்த நாடும் உண்டு. தென்கொரியா 2007-இல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுத உண்மையான அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. 2011-இல் அங்கே ஒரே இணையத் திருட்டில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. மறுவருடம் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது.

முகமில்லாத கணக்குகளின் வசவில் அழுதவர்கள் எங்களிலும் இருவர் இருக்கிறார்கள். அப்படி மிரட்டலோ ஆபாசமோ வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் கிரைம் போலீஸுக்குப் போங்கள். அடையாளச் சான்று காட்டாமல் சிம் கார்டு கிடையாது. கணக்குகள் பெரும்பாலும் அந்த எண்ணில்தான் திறக்கப்படுகின்றன. ஆளைத் தேடிப் பிடிப்பது அவர்கள் வேலை, அதற்குச் சட்டமும் இருக்கிறது. குழுவில் உட்கார்ந்து நாமே விசாரித்துத் தீர்ப்பும் எழுத வேண்டாம்.

புனைபெயரில் வந்த கருத்து தப்பென்றால் தப்பென்று எழுதுங்கள், கடுமையாகவே எழுதுங்கள். சிவப்பு வட்டம் போட்ட படம் உங்கள் குழுவுக்கு வந்தால் அடுத்த குழுவுக்குத் தள்ளாதீர்கள். அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள்.

இந்த வேண்டுகோளில் எங்களில் ஏழு பேர் சொந்தப் பெயரிலும் நான்கு பேர் புனைபெயரிலும் கையெழுத்திட்டிருக்கிறோம். யார் எவர் என்று தேட வேண்டாம்.