ஆயிரம் அலைகளில் ஓர் அலை



1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. சென்னைத் தொலைக்காட்சி எட்டாத தமிழகக் கரையோர மக்கள், உயர்ந்த கம்பத்தில் ஆண்டெனாவைக் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பினர், படம் விழுந்தது. இதில் வியப்பில்லை. நம் மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்திற்குச் சென்னையைவிட யாழ்ப்பாணமே அருகில் உள்ளது. கடற்பரப்பின் காற்று வெப்ப அடுக்குகளாய் நிற்கும் நாள்களில் அலைகள் வளைந்து நெடுந்தூரம் செல்லும். ஆதலால் ஒருநாள் தெளிவான படம். மறுநாள் வெறும் புள்ளிமழை!

ஆண்டெனா ஓர் அலையை மட்டும் பிடிப்பதில்லை. வானொலி, வயர்லெஸ், அடுத்த சேனல் என யாவும் அதன்மேல் மோதுகின்றன. அவற்றுள் வேண்டியதைப் பிரித்தெடுப்பதே டியூனரின் பணி. எடுத்துக்காட்டாக, 5ஆம் சேனலின் படம் 175.25 மெகாஹெர்ட்ஸ் அலையில் வரும். நாம் குமிழைத் திருகியதும் டியூனர் தன்னுள் 214.15 மெகாஹெர்ட்ஸ் அலையொன்றை உண்டாக்கி அதனோடு கலக்கிறது. இரண்டின் வேறுபாடு 38.9. எந்தச் சேனலாயினும் இவ்வாறே 38.9க்கு இறக்கப்படும். அடுத்துள்ள வடிகட்டி அச்சேனலை மட்டும் உள்ளே விட்டு ஏனையவற்றைத் தடுத்துவிடும். பின்னர் படமும் ஒலியும் பிரிக்கப்பட்டு, படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள் என்ற கணக்கில் திரையில் வரையப்படும். இரு நாடுகளும் ‘பால்’ என்னும் ஒரே ஒளிபரப்பு முறையைக் கைக்கொண்டதால், சென்னைக்காக வாங்கிய பெட்டி இலங்கையையும் காட்டிற்று.

இன்று அக்கம்பங்கள் அரிதாகிவிட்டன. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி நிலையங்களில் பெரும்பாலானவற்றை 2022க்குள் மூடிவிட்டது. இப்போது பல சேனல்கள் எண்களாகப் பின்னப்பட்டு ஒரே அலையில் வருகின்றன. செட்டாப் பெட்டி உரிய எண்களைப் பொறுக்கியெடுத்து, வழியில் சிதைந்தவற்றை உடன்வந்த சரிபார்ப்பு எண்களால் திருத்திப் படமாக்குகிறது. சிதைவு அளவு மீறினால் படம் உறைந்து நின்றுவிடும்.

கருவி மாறினும் விதி மாறவில்லை. எல்லா அலைகளையும் ஒருசேர ஏற்கும் பெட்டியில் ஒரு படமும் தெரியாது. விலக்கத் தெரிந்த பெட்டியே காட்டும்.

நம் இல்லங்களின் நிலை என்ன? தந்தை வளைகுடாவில் உழைக்கிறார், தாய் அடுக்களையில், ரிமோட் பிள்ளைகள் கையில். பெட்டியைப் பழித்து ஒதுங்குவோரும், காலம் அப்படித்தான் எனக் கைகழுவுவோரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இருவருமே கைவிடுகின்றனர்.

மஃரிபுக்குப் பின் ஓதலும் பாடமும் முடிந்தபிறகு எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைத் தாயும் பிள்ளைகளும் கூடி முடிவு செய்யட்டும். தொலைபேசியில் அழைக்கும் தந்தை, “சாப்பிட்டாயா?” என்பதோடு, “இன்று என்ன பார்த்தாய்?” என்றும் கேட்கட்டும். பார்வைக்கும் கேள்விக்கும் அல்லாஹ்விடம் கணக்கு உண்டு. அக்கணக்கில் பெற்றோர் பங்கும் உண்டு.